கடைசி நாட்களில் இருக்கும் நாய், பூனையைப் பொறுப்பெடுப்பது எப்படி? திருகோணமலையில் இருப்பவர்களுக்கு

கனடாவில் மகளுக்குப் பிள்ளைப்பேறு, லண்டனில் தம்பியின் கலியாணம், கொழும்பில் ஒப்பரேசன் என்று வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவேண்டிய காரணம் எல்லாக் குடும்பத்துக்கும் வரும். அந்த நேரம் பார்த்து வீட்டு நாயோ பூனையோ கடும் நோயில் கிடந்தால் அயலில் ஒருவரிடம் விட்டுத்தான் போவார்கள். "சாப்பாடு வைச்சு மருந்து குடுத்தாக் காணும்" என்றுதான் கேட்பார்கள்.

உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர், சிறுநீரகம் பழுதான தன் நாய் ஜிம்மியை அப்படித்தான் என்னிடம் தந்தார். அவர் திரும்பி வருமுன் ஜிம்மி போய்விட்டது. மருந்து கொடுப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. எவ்வளவு செலவழிக்கலாம், தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதா, வேதனையில்லாமல் இறக்க ஊசி போட்டு அனுப்பலாமா, எங்கே புதைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நடுச்சாமத்தில் ஆள் தேடியதுதான் என்னை உலுக்கியது. இது எல்லாம் சொந்தக்காரர் பெட்டி கட்டும் முன்பே கேட்டு எழுதிவைக்கக் கூடியவை. நீங்கள் அந்தப் பாடு படக்கூடாது என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. தலையாட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பயணத்துக்கு 2 கிழமையாவது இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள். முதல் கேள்வி, வைத்தியர் என்ன சொன்னார்? "கொஞ்சம் சுகமில்லை" என்ற பதிலோடு விடாதீர்கள். நோயின் பெயர், எவ்வளவு காலம் தாங்கும் என்று வைத்தியர் நினைக்கிறார், நீங்கள் பார்க்கும் நாட்களுக்குள்ளேயே இறக்கக்கூடுமா என்று நேராகக் கேளுங்கள். சொந்தக்காரருக்கு அதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கும். கேட்கும் உங்களுக்கும் கஷ்டம்தான். ஆனாலும் கேட்க வேண்டும்.

அடுத்தது உங்களைப் பற்றியது. எழும்ப முடியாத நாயைத் தனியே தூக்க உங்களால் முடியுமா? இரவில் அங்கே படுக்க முடியுமா? உங்கள் வீட்டில் வேறு நாய், பூனை, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்று நோய் என்றால், உங்கள் வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி முழுதாகப் போடாதவரை பொறுப்பெடுக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீரால் மனிதருக்கும் தொற்றும், ஆகவே அதையும் கேளுங்கள்.

விலங்கை அதன் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது நல்லது. நோயாளிப் பூனையை இடம் மாற்றினால் பயத்தில் சாப்பாட்டையே விட்டுவிடும். சொந்தக்காரர் ஊரில் இருக்கும்போதே ஒரு பகலும் இரவும் முழுதாகப் பார்த்துப் பழகுங்கள். அதன் பிறகு முடியாது என்று தோன்றினால் சொல்லிவிடலாம். அவருக்கு வேறு ஆள் தேட அப்போது நேரம் இருக்கும்.

2. கடிதம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வாயால் சொன்னது அவசரத்தில் உதவாது. முன்பின் தெரியாத ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து "பெரிய சிகிச்சை செய்யுங்கோ" என்றோ "ஊசி போட்டு விடுங்கோ" என்றோ சொன்னால் எந்த வைத்தியரும் தயங்குவார். தயங்கத்தான் வேண்டும். சொந்தக்காரரின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் இருந்தால் அந்தத் தயக்கம் தீரும். இப்படி எழுதலாம்:

"தேசிய அடையாள அட்டை இலக்கம் ……… உடைய ……… ஆகிய நான், என் நாயை (பெயர், வயது, நிறம்) ……… திகதி முதல் ……… திகதி வரை பராமரிக்க ……… என்பவரிடம் ஒப்படைக்கிறேன். சிகிச்சை பற்றி வைத்தியருடன் பேசவும், என்னைக் கேளாமல் 25,000 ரூபாய் வரை செலவழிக்கவும் அவருக்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் என்றால் என்னைக் கேட்க வேண்டும். 2 மணித்தியாலத்துக்குள் என்னைப் பிடிக்க முடியாவிட்டால் ……… எடுக்கும் முடிவே என் முடிவு. மீள முடியாத வேதனையில் இருப்பதாக வைத்தியர் சொன்னால் கருணை ஊசிக்குச் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை. இறந்தால் உடலை ……… இடத்தில் புதைக்க வேண்டும்."

தொகை உங்கள் நிலைமைக்கு ஏற்றது. எண் ஒன்று எழுதப்பட்டிருப்பதுதான் தேவை. "சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை" என்ற இடத்தில் ஒன்றைக் கட்டாயம் வெட்ட வைக்க வேண்டும். "அப்ப பாப்பம்" என்று விட்டுப் போவார்கள், விடாதீர்கள்.

முடிவெடுக்க இரண்டாவது ஆள் ஏன்? ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் 9½ மணி நேர வித்தியாசம், அங்கே குளிர்காலம் என்றால் 10½. லண்டனுக்கு 4½, குளிர்காலத்தில் 5½. இங்கே விடிய 6 மணிக்கு நாய்க்கு வலிப்பு வந்தால் லண்டனில் அவர் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார். விமானத்தில் இருக்கும் நேரமும் உண்டு. அந்த இரண்டாவது ஆள் இலங்கையில் இருப்பவராக, விலங்கை அறிந்தவராக இருக்கட்டும். நீங்களே அந்த ஆளாக இருக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த முடிவின் பாரம் வீட்டாருடையது.

கடிதத்தை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வைத்தியரின் கோப்பில், ஒன்று இரண்டாவது ஆளிடம். இதோடு தடுப்பூசி அட்டை, கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துச் சிட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். வைத்தியர் சிங்களம் பேசுபவராக இருக்கலாம். உங்களுக்குச் சிங்களம் ஓடாவிட்டால், போனில் மொழிபெயர்க்கக் கூடிய ஒருவரை முன்பே சொல்லி வையுங்கள்.

3. காசு

உங்கள் கூலியும் விலங்கின் செலவும் வேறு வேறு உறையில் இருக்க வேண்டும். அயல் என்பதால் பலர் கூலி வாங்க மாட்டார்கள், அது உங்கள் விருப்பம். வாங்குவதாக இருந்தால் பகலில் வந்து போவதற்கும் இரவு தங்குவதற்கும் வேறு வேறாகப் பேசுங்கள். இடையில் விலங்கு இறந்தால் மிச்ச நாட்களின் கூலி என்ன ஆகும் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு அந்தப் பேச்சை எடுக்க இரு பக்கத்துக்கும் மனம் வராது.

செலவுகள் என்று பார்த்தால் வைத்தியர் கட்டணம், வீட்டுக்கு வந்தால் அதற்கு மேலதிகம், இரத்தப் பரிசோதனை, சேலைன், ஊசி, மருந்து, ஓட்டோ, கையுறை, விரிப்பு. கருணை ஊசி மருந்து உடல் நிறையைப் பொறுத்தது, பெரிய நாய் என்றால் செலவு கூடும். குழி வெட்ட ஆள் பிடித்தால் அதற்கும் கூலி. இவற்றை ஒவ்வொன்றாக உங்கள் வைத்தியரிடம் கேட்டு, கூட்டி, அந்தத் தொகையைக் கையில் காசாக வாங்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து "போட்டு விடுறன்" என்பதை நம்பியிருக்க வேண்டாம். சனி, ஞாயிறு, போயா என்று வங்கி பூட்டியிருந்தால் காசு வந்து சேர நாள் எடுக்கும். பில்லை வாங்கிய அன்றே படம் எடுத்து அனுப்புங்கள். அந்த வழுவழுப்பான தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

4. வைத்தியரும் வாகனமும்

அரச கால்நடை வைத்திய அலுவலகம் வார நாட்களில் காலை 8.30 முதல் பின்னேரம் 4.15 வரைதான். அங்கேயுள்ள வைத்தியர் மாடு, ஆடு பார்க்க வெளியேயும் போவார், எனவே போன் எடுத்துவிட்டுப் போங்கள். தனியார் கிளினிக் என்றால் மூன்று கேள்வி: ஞாயிறு, போயா திறப்பீர்களா? இரவில் போன் எடுக்கலாமா? வீட்டுக்கு வருவீர்களா? ஒருவர் மட்டும் போதாது, இரண்டு பேரின் இலக்கம் வேண்டும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் கடை, பாமசி, கிளினிக் எல்லாம் பூட்டுவதால் மருந்தை ஒரு கிழமைக்குக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். பயணத்துக்கு முன் சொந்தக்காரரோடு ஒருமுறை வைத்தியரிடம் போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

பெரிய சிகிச்சை என்றால் எல்லோரும் சொல்வது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை. இங்கேயிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர், வான் பிடித்தாலும் 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கந்தளாய் தாண்டி ஹபரணை வரை யானை குறுக்கிடும் பாதை. சாகும் நிலையில் உள்ள விலங்கை அந்தத் தூரம் கொண்டுபோவது அதற்கு உதவியா, உபத்திரவமா என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலைக் கடிதத்தில் எழுதுங்கள்: "பேராதனைக்குக் கொண்டு போகலாம்" அல்லது "வேண்டாம்". என் அபிப்பிராயம், குணமாக்க வழியுள்ள நோய்க்கு மட்டும்தான் அந்தப் பயணம்.

எல்லா ஓட்டோக்காரரும் நாயை ஏற்ற மாட்டார்கள். சம்மதிக்கும் ஒருவரைப் பார்த்து, இரவுக்கும் வருவாரா, எவ்வளவு என்று பேசி வையுங்கள். பழைய பெட்ஷீட் ஒன்றை விரிக்கக் கொண்டு போங்கள்.

5. மருந்து

ஒரு கொப்பியில் மருந்தின் பெயர், அளவு, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதி, கொடுத்தவுடன் கோடு போடுங்கள். தவறிய வேளைக்குச் சேர்த்து இரண்டு மடங்காகக் கொடுக்காதீர்கள். பிரட்னிசொலோன், வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டோன் இரண்டையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. முடியுமுன் வாங்க வேண்டும், பினோபார்பிட்டோனுக்குச் சிட்டை கட்டாயம். இன்சுலின் போடும் விலங்கு சாப்பிடாவிட்டால் ஊசியைப் போடாமல் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. மின்வெட்டு நேரத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி தயாராக இருக்கட்டும்.

பனடோல் பூனைக்கு நஞ்சு. ஒரு குளிசையே கொல்லும். நாய்க்கும் மனிதரின் வலிக் குளிசைகளை, குறிப்பாக ஐபுபுரோபென், டைக்குளோபெனக் இரண்டையும், கொடுக்க வேண்டாம். அயலில் யாராவது அன்போடு "பாதி குடுத்துப் பாருங்கோ" என்பார்கள்.

சிறுநீரக நோயாளிக்குத் தோலுக்கடியில் சேலைன் ஏற்றச் சொல்வார்கள். வைத்தியரின் முன்னால் நீங்களே செய்து காட்டும்வரை தனியே செய்யாதீர்கள். பையை முதலில் வெந்நீர் வாளியில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். தோள்களுக்கு இடையில் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியை ஏற்றினால் அந்த இடத்தில் வீக்கம் ஒன்று எழும். அது மெல்ல முன்னங்காலுக்கு இறங்கி, சில மணி நேரத்தில் வற்றிவிடும். முதல் தடவை பார்க்கும்போது பயமாக இருக்கும், அது இயல்பானதுதான். அடுத்த வேளை வந்தும் வீக்கம் வற்றவில்லை, மூச்சும் வேகமாகிவிட்டது என்றால் மேலும் ஏற்றாமல் போன் எடுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி. பழையதைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் மூடி வைத்து, கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

6. அன்றாடப் பராமரிப்பு

படுத்த படுக்கையான விலங்கை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இடுப்பு, முழங்கை, தோள் எலும்பு படும் இடங்களில் மயிர் உதிர்ந்து சிவக்கிறதா என்று பாருங்கள், படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி இலையான். வாலுக்கடியில் சிறுநீர் பட்டு ஈரமான மயிரிலும் சின்னக் காயத்திலும் முட்டை இடும். மயிரை விரல்களால் பிரித்துப் பார்த்தால் துருவிய தேங்காய்ப்பூ ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரியும். ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். ஆகவே காலையும் பின்னேரமும் வாலடி, காது, வாயோரம், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். பின்பக்க மயிரை முன்பே கத்தரித்து விடச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான நீரில் துடைத்து, துவாயால் ஒத்தி, ஈரமில்லாமல் வையுங்கள். பகலிலும் நுளம்பு வலைக்குள்தான் படுக்க வைக்க வேண்டும். புழுவைக் கண்டால் அன்றே வைத்தியரிடம். மண்ணெண்ணெய், பூச்சி உருண்டை எதையும் புண்ணில் போடாதீர்கள், விலங்கின் உடம்புக்குள் போய் அதுவே கொல்லும்.

எறும்பும் வரும். கட்டிலிலோ மேசையிலோ படுக்க வைத்தால் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். விறாந்தையில் கிடத்தாதீர்கள், காகம் கண்ணைக் கொத்தும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு வீடு வெந்துபோகும். சீமெந்துத் தரையில் மெல்லிய துணி, நேரே படாமல் மின்விசிறி, ஈரத் துணியால் பாதமும் வயிறும் துடைத்தல். மார்கழி மழையில் நேர்மாறு, மெலிந்த விலங்கு சீக்கிரம் குளிர்ந்துபோகும். கம்பளித் துணியால் போர்த்து, தரையிலிருந்து உயர்த்திப் படுக்க வையுங்கள்.

சாப்பாட்டை வாயில் திணிக்காதீர்கள். சரியாக விழுங்க முடியாத விலங்குக்குத் திணித்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நியூமோனியா வரும். சூடை மீனை அவித்து முள் எடுத்து, அந்த நீரோடு சற்றுச் சூடாக வைத்தால் மணத்துக்கே சில பூனைகள் தலை தூக்கும். கோழி ரசமும் நல்லது. வெங்காயம், உள்ளி (பூண்டு) இரண்டும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, எனவே வீட்டுக் கறிக் குழம்பு வேண்டாம். சிறுநீரக நோயாளிக்கு எது எவ்வளவு என்று வைத்தியரைக் கேட்டே கொடுங்கள். கடைசி நாட்களில் அது முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். உதட்டை மட்டும் ஈரமாக்கினால் போதும்.

7. உடனே போன் எடுக்க வேண்டியவை

தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் தொடர்ந்து மூச்சு விடுதல், பூனை வாயால் மூச்சு விடுதல், முரசு வெளிறுதல் அல்லது நீலமாதல், 5 நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தியும் சிறுநீர் போகாமை, ஓயாத முனகல். உடல் வெப்பம் சாதாரணமாக 101 முதல் 102.5 பாகை பரனைற் வரை இருக்கும், மனிதரின் கணக்கை வைத்துக் காய்ச்சல் என்று பயப்படாதீர்கள். பூனை இரண்டு நாள் ஒன்றும் தின்னாவிட்டால் ஈரல் பாதிக்கும், அதையும் சொல்லுங்கள்.

8. கடித்தால், கீறினால்

வலியில் இருக்கும் விலங்கு எவ்வளவு சாதுவானாலும் கடிக்கும். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி அட்டையைக் கொண்டு போங்கள். விசர்நாய்க்கடி விஷயத்தில் கடித்த விலங்கை 14 நாள் கவனிக்கச் சொல்வார்கள். இங்கேதான் பலர் அறியாத சிக்கல் இருக்கிறது: அந்த 14 நாளுக்குள் விலங்கு இறந்தால், வைத்தியரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ கேளாமல் புதைக்கக்கூடாது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலையை அனுப்பிப் பரிசோதிக்க வேண்டி வரலாம். சொந்தக்காரரிடம் இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது.

9. ஊசி போட்டு அனுப்புவதென்றால்

வைத்தியர் மட்டுமே செய்யலாம். மதநம்பிக்கையால் மறுக்கும் வைத்தியர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. யார் செய்வார் என்று முன்பே விசாரித்து வையுங்கள். வீட்டுக்கு வரச் சொல்வது விலங்குக்கு நல்லது. முதலில் மயக்க ஊசி, அது உறங்கிய பிறகு அடுத்தது. இரண்டாவது ஊசிக்குப் பின் சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் திறந்தபடியே இருக்கும், சிறுநீர் போகலாம், ஒன்றிரண்டு மூச்சு இழுக்கலாம். இயற்கையாக இறக்கும்போதும் அப்படித்தான். உயிர் இருக்கிறது என்று பதறாதீர்கள். சந்தேகம் என்றால் இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், கண்ணின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள்.

சொந்தக்காரர் வீடியோவில் பார்க்க விரும்புவாரா, பிறகு படம் வேண்டுமா என்று பயணத்துக்கு முன்பே கேளுங்கள். ஜிம்மியின் அக்கா பார்க்க விரும்பவில்லை, குரலை மட்டும் கேட்க வையுங்கோ என்றார். போனை அதன் காதருகே பிடித்தேன்.

10. புதைப்பது

எங்கள் வெயிலில் உடலை மறுநாள் வரை வைக்க முடியாது. சொந்தக்காரர் வந்து பார்க்க வேண்டுமென்றால் கொழும்பிலிருந்தே 6, 7 மணி நேரம் ஆகும். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு வயிற்றைச் சுற்றி வைத்தால் அந்த நேரத்தைத் தாக்குப் பிடிக்கலாம், வெளிநாட்டிலிருந்து வரும்வரை முடியாது என்பதைக் கடிதம் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். இறந்து சில மணி நேரத்தில் உடல் விறைக்கும், அதற்கு முன் கால்களை மடித்து வையுங்கள்.

குழி 3 அடிக்குக் குறையக்கூடாது. கிணற்றிலிருந்து வளவில் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, மேடான இடத்தில். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் ஐப்பசி முதல் தை வரை கொஞ்சம் வெட்டினாலே நீர் ஊறும், அதனால் இடத்தை முன்பே வெட்டிப் பார்த்து வையுங்கள். பருத்தித் துணியில் அல்லது பாயில் சுற்றுங்கள், பொலித்தீன் வேண்டாம். கருணை ஊசி போட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும், தெருநாய் கிளறித் தின்றால் அதுவும் சாகும். எனவே ஆழம் கட்டாயம், மேலே கல்லும் வையுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். வளவே இல்லையென்றால் உள்ளூராட்சிச் சபையின் சுகாதாரப் பகுதியைக் கேளுங்கள். கடற்கரையில் போடுவது கூடவே கூடாது.

11. கணக்கு முடித்தல்

விரிப்புகளைக் கழுவி வெயிலில் போடுங்கள். தொற்று நோயால் இறந்தது என்றால் விரிப்பை எரித்து, தரையை 1 பங்கு பிளீச், 30 பங்கு தண்ணீரில் கழுவுங்கள். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். அந்த வீட்டுக்குப் புது நாய்க்குட்டி கொண்டுவருவதற்கு முன் வைத்தியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

பில், மிச்சக் காசு, கொப்பி, தடுப்பூசி அட்டை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு நேரில் கொடுங்கள். மிஞ்சிய மருந்தை வேறு விலங்குக்குக் கொடுக்காமல் கிளினிக்கில் ஒப்படையுங்கள். கொப்பியில் கடைசி நாட்களில் என்ன தின்றது, எப்படிக் கிடந்தது என்று எழுதியிருப்பீர்கள். சொந்தக்காரர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சொல்ல ஒரு பின்னேரத்தை ஒதுக்கி வையுங்கள்.